தரைவீட்டுக் கொல்லையில் கோழியும் கீரையும்

சிங்கப்பூரில் கோழி வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பதில் சொல்ல முடியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் கோழிக்கும் வாத்துக்கும் இடமில்லை. தனியார் தரைவீடுகளில், விற்பனை நோக்கம் இல்லாமல், 10 கோழிகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளிப்பறவைகள் உள்ளே வந்து அவற்றோடு கலக்க முடியாதபடி வலையடித்த இடத்துக்குள்தான் அவை இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் தலைகாட்டியவுடன் மலேசியக் கோழிகளுக்கும் முட்டைகளுக்கும் சிங்கப்பூர் கதவை மூடியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் காரணம் விளங்கும். காகமும் மைனாவும் புறாவும் கோழித் தீவனத்தில் வாய்வைக்கும் இடத்தில்தான் நோய் கைமாறுகிறது. ஆகவே, புல்தரையில் கோழிகள் உலவ, நாம் நாற்காலி போட்டுத் தேநீர் அருந்தும் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்க வேண்டாம். இங்கே கோழி வலைக்குள் இருக்கும். தோட்டம் அதற்கு வெளியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே கீரைக்கட்டையும் எருக்கூடையையும் தூக்கிக்கொண்டு நடப்பது நம் வேலை.

நாங்கள் சிலேத்தார் ஹில்ஸ் பகுதியில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறோம். இரண்டு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளோடு ஒட்டியவை. பின்பக்கம் ஒரு கால்வாய். அதைத் தாண்டினால் அடுத்த வரிசை வீடுகளின் சமையலறைச் சன்னல்கள். இத்தனை நெருக்கத்தில் 10 கோழிகள் அதிகம் என்பது என் கருத்து. சட்டம் சொல்வது மேல்வரம்பு; அதை எட்டிப் பிடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எங்களிடம் இருப்பவை நான்கு பெட்டைக்கோழிகள். கோழி கூட்டமாக வாழும் பறவை, ஒன்றைத் தனியாக வளர்த்தால் சோர்ந்துவிடும். மூன்றுக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது. குஞ்சாக வாங்கினால் அவற்றுள் சேவல் எது என்பது தெரிவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும் என்பதால், முட்டைப் பருவத்தை நெருங்கிய விடைக்கோழிகளாக, உரிமம் பெற்றவர்களிடமிருந்து வாங்குவதே குடியிருப்பு வட்டாரத்துக்குப் பொருத்தம். எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரிலிருந்து அட்டைப் பெட்டியில் வைத்து இரண்டு குஞ்சுகளைக் கொண்டுவந்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அனுமதியில்லாமல் உயிருள்ள பறவையைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுவருவது குற்றம்.

எங்கள் வரிசையில் இருக்கும் ஒரு பெரியவர் சிறுவயதில் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு கோழி இருந்ததாம். கூண்டுக்கு இடம் பார்க்க அவரை அழைத்தபோது, கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்றுதான் முதலில் கேட்டார். "ஏன் அங்கிள், நாத்தம் வருமேன்னுதான் எனக்குக் கவலை" என்றேன். "நாத்தம் கோழிக்குச் சொந்தமில்லம்மா, ஈரத்துக்குச் சொந்தம்" என்றார். அதன்பிறகு நான் படித்ததும் செய்து பார்த்ததும் பெரும்பாலும் இந்த ஒரு பேச்சுக்கு விளக்கவுரையாகவே அமைந்துவிட்டன.

கோழி எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அது காய்ந்துவிட்டால் வாடை அடங்கிவிடும். நனைந்து காற்றோட்டமின்றிக் கிடந்தால் அதிலுள்ள யூரிக் அமிலம் சிதைந்து அம்மோனியா கிளம்பும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி கோழியின் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். பக்கத்து வீட்டாரின் பொறுமையையும் கெடுக்கும். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்து, காற்றிலேயே எப்போதும் ஈரம் நிற்கும் ஊரில், கோழி வளர்ப்பது என்பது நடைமுறையில் ஈரத்தை விரட்டிக்கொண்டே இருப்பதுதான். எனவே கூண்டைத் தாழ்வான மூலையில், கண்ணுக்கு மறைவாக இருக்கட்டும் என்று வைப்பதைவிட, வெளியே தெரிந்தாலும் மேடான இடத்தில் வைப்பது மேல். எங்கள் கூண்டின் தரை கொல்லைத் தரையைவிட ஒரு செங்கல் உயரத்தில் இருக்கிறது. கூரைத் தகடு நான்கு பக்கமும் முழங்கை நீளத்துக்கு வெளியே நீள்கிறது. ஏனென்றால் இங்கே மழை நேராக மட்டும் பெய்வதில்லை. விடியலுக்கு முன் காற்றோடு வந்து அடிக்கும் சுமத்ரா மழை பக்கவாட்டில் வரும். அதற்காகக் காற்று வரும் பக்கத்தில் மூங்கில் தட்டி ஒன்றைச் சுருட்டிக் கட்டியிருக்கிறோம். மழை ஓய்ந்ததும் அதை மேலே ஏற்றிவிட வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்தும் இறக்கையை உடம்பிலிருந்து அகற்றிப் பிடித்தும்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். நான்கு பக்கமும் அடைத்த பெட்டி போன்ற கூண்டு இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு அடுப்பு.

தரையில் ஆழ்கூளம் போடுகிறோம். மரச்சீவலும் காய்ந்த இலையும் கலந்து ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, எச்சம் விழ விழ மேலே காய்ந்த இலையைத் தூவிக்கொண்டு வருவோம். கோழிகளே நாள் முழுவதும் கிளறிவிடும் என்பதால் அது தானாகக் காய்ந்துகொண்டிருக்கும். இரவில் அவை உட்காரும் ஏறுதண்டின் அடியில்தான் எச்சம் குவியும். அந்த இடத்தை மட்டும் நாம் முள்கரண்டியால் புரட்ட வேண்டும். கூளம் சரியாக இருக்கிறதா என்பதைக் கண்டறிய ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்ப்பேன். கையைத் திறந்தவுடன் உதிர்ந்துவிட்டால் நல்லது. உருண்டையாக நின்றால் காய்ந்த இலை போதவில்லை என்று பொருள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால் எங்கோ ஒழுகுகிறது. கூரையைப் பார்க்க வேண்டும், அல்லது தண்ணீர்க் குவளையைப் பார்க்க வேண்டும். நனைந்த கூளத்தில் வாடை மட்டும் வளர்வதில்லை. இரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் நுண்ணுயிரியும் அங்கேதான் பெருகுகிறது. இளங்கோழிகளை அது விரைவில் கொன்றுவிடும்.

ஈரத்துக்கு அடுத்த எதிரி சிந்திய தீவனம். ஒரு பெட்டைக்கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தீவனம் தின்னும். அதற்கு மேல் தட்டில் மிஞ்சுவது எலிக்குப் போகும். எலி வந்த இடத்துக்கு அதைத் தேடி மலைப்பாம்பு வரும். சிங்கப்பூரின் கால்வாய்களில் வலைத்தோல் மலைப்பாம்புகள் குடியிருப்பதும் அவை மழைக்காலத்தில் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதும் தரைவீட்டுக்காரர்களுக்குப் புதிய செய்தியல்ல. கோழி வலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். பாம்பு உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையைத்தான் பயன்படுத்த வேண்டும். அதைத் தரையோடு நிறுத்திவிடாமல் மண்ணுக்குள் ஓரடி இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். கதவுக்குச் சாதாரணக் கொக்கி போதாது. மரநாய் அதைத் தள்ளித் திறந்துவிடக்கூடும் என்பதால் திருகுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். பகலில் கால்வாயோரம் வரும் உடும்பு முட்டையின் மேல் கண்வைக்கும்; ஆகவே முட்டையை முற்பகலிலேயே எடுத்துவிடுவது வழக்கம். தீவனத்தை மூடியுள்ள உலோகத் தகரத்தில் வைத்துவிட்டு, மாலையில் தட்டை உள்ளே எடுத்து வந்துவிடுகிறோம்.

ஒருமுறை பக்கத்து வீட்டு வாசல் வடிகாலில் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. கோழி இருப்பதால்தானே இது வந்தது என்று அவ்வீட்டார் கேட்பதற்கு இடமிருந்தது. அவர்களை அழைத்து வந்து, இரவில் கூண்டின் அருகே ஒரு மணி தீவனம்கூடக் கிடப்பதில்லை என்பதைக் காட்டினேன்; அவர்களும் மேலே ஒன்றும் பேசவில்லை. பாம்பை அடிக்கக் கூடாது. அது சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு. தூர நின்று கண்வைத்துக்கொண்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணைக் கூப்பிட்டால் ஆள் வருவார்கள்.

கொசுவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டமும் கோழியும் சேர்ந்த வீட்டை அக்கம்பக்கத்தார் முதலில் சந்தேகப்படுவது அதற்காகத்தான். 2020இல் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோரை டெங்கிக் காய்ச்சல் பிடித்த ஊர் இது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அதன் முட்டையோ ஈரமில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கோழியின் குடிநீர்க் குவளையைத் தினமும் தேய்க்கிறோம். பூந்தொட்டிகளின் அடித்தட்டுகளை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டோம். கூரை நீர் வடியும் தகரக் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும், மூங்கில் கம்புகளின் மேல்முனைத் துளைகளை மண்ணால் அடைப்பதும் இதில் சேரும். அந்தத் துளைகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கொசு மனிதருக்கு மட்டும் பகையல்ல, கோழி அம்மையையும் அதுதான் பரப்புகிறது. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கறுத்த பொருக்குகள் கண்டால் அந்தக் கோழியைத் தனியே பிரித்துவிட வேண்டும். என் மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார். அது புண்ணுக்கு இதமாக இருக்கும் என்றே நினைக்கிறேன், நோய் தன் போக்கில்தான் அடங்கும். ஆனால் பறவைகள் காரணம் தெரியாமல் அடுத்தடுத்து இறந்தால் கைவைத்தியத்துக்கு அங்கே வேலையில்லை. உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: சேவல் வேண்டாம். முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை என்பதைப் படித்தவர்களுக்குக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேவல் இல்லாத முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவே. இங்கே சூரியன் உதிப்பது ஏழு மணியளவில். சேவல் அதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். 2017ஆம் ஆண்டு சின் மிங் வட்டாரத்தில் தெருவில் திரிந்த 24 கோழிகள், சத்தம் குறித்த புகார்களுக்குப் பிறகு, கொல்லப்பட்டதும் அதையொட்டி நாடு முழுவதும் விவாதம் எழுந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அவற்றுக்காக இரக்கப்பட்டவர்களும் நியாயமாகத்தான் பேசினார்கள்; தூக்கம் கெட்டவர்களும் நியாயமாகத்தான் பேசினார்கள். அந்த விவாதத்தில் பலர் தெருக்கோழியையும் காட்டுக்கோழியையும் ஒன்றாகக் குழப்பினார்கள். புலாவ் உபினிலும் மேற்குக் காடுகளிலும் காணப்படும் செங்காட்டுக்கோழி இந்த மண்ணில் இயற்கையாகவே வாழும், இங்கே அருகிவரும் இனம்; சாம்பல் நிறக் கால்களும் காதருகே வெள்ளைத் திட்டும் அதன் அடையாளங்கள். வீட்டுக்கோழியை வளர்க்க முடியவில்லை என்று பூங்காவில் கொண்டுபோய் விடுபவர்கள் அந்த இனத்தோடு கலப்புக்கு வழிசெய்கிறார்கள். விடப்பட்ட கோழிக்கும் அது நன்மையில்லை.

பெட்டைக்கோழியும் ஊமையல்ல. முட்டையிட்டதும் கொக்கரிக்கும், அது பெரும்பாலும் முற்பகலில், கால்மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கூண்டு கட்டுவதற்கு முன்பே இரு பக்கத்து வீட்டாரிடமும் பின்வரிசை ஆண்ட்டியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். கட்டி முடித்தபின் மன்னிப்புக் கேட்பது வேறு, முன்கூட்டிச் சொல்வது வேறு. மிகுந்த முட்டைகளை அவர்களுக்குக் கொடுக்கிறோம். பின்வரிசை ஆண்ட்டி பதிலுக்குத் தம் வீட்டு எலுமிச்சையும் உலர்ந்த மாவிலைச் சருகுகளும் மூட்டையாகத் தருகிறார். கூளத்துக்கு வேண்டிய காய்ந்த இலை இந்த ஊரில் எளிதில் கிடைக்காது என்பதால் அந்த மூட்டைதான் எனக்குப் பெரிய பரிசு.

இனித் தோட்டம். எங்கள் கொல்லை மண், வீடு கட்டியபோது கொட்டி மட்டம் செய்த செம்மண் களி. தோண்டினால் ஓட்டுத் துண்டும் சிமெண்டுக் கட்டியும் வரும். மழை பெய்தால் சேறு, இரண்டு நாள் வெயில் அடித்தால் ஓடு. இதைப் பையில் வாங்கிய மண்ணால் மாற்றப் பார்த்தால் பணம்தான் கரையும். மண்ணை மாற்றியது கோழிக் கூளம்தான், ஆனால் நேரடியாக அல்ல. கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. பச்சையாகப் போட்டால் வேர் கருகிவிடும், அதோடு வயிற்றுக்கு ஆகாத கிருமிகளும் கீரையில் ஏறும். எனவே பழைய கூளத்தை எடுத்து, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு காய்ந்த இலையோடு அடுக்கடுக்காகக் குவித்து, மழை படாமல் மூடிவைக்கிறோம். சில நாளில் குவியலின் நடுவே கைவைக்க முடியாத சூடு ஏறும். புரட்டும்போது ஆவி பறக்கும். உள்ளே வெள்ளைச் சாம்பல்போல் பூஞ்சை படர்ந்திருக்கும். சூடு முற்றிலும் அடங்கி, எச்சம் எது, இலை எது என்று தெரியாமல் கருமண்ணாகி, மழைக்கால மண்வாசம் வரும்வரை அதைத் தொடுவதில்லை. இதற்குச் சில மாதங்கள் ஆகும். அவசரப்படுபவர்கள் முருங்கைக்கும் வாழைக்கும் முதலில் போடலாம், கீரைப் பாத்திக்குக் கடைசியாகப் போட வேண்டும்.

இங்கு எளிதாக வருபவை எவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொன்னாங்கண்ணி, பசலை, கங்கோங், சர்க்கரைவள்ளி ஆகியவை கேட்காமலே வளரும். சர்க்கரைவள்ளிக் கொழுந்து நமக்கும் ஆகும், கோழிக்கும் ஆகும். தண்டுக்கீரையை மழை அடித்துச் சாய்த்துவிடும் என்பதால் வலைநிழலில் விதைக்க வேண்டும். மணத்தக்காளியை நான் விதைக்கவேயில்லை, கொண்டைக்குருவி விதைத்தது. கறிவேப்பிலை நன்றாக வருகிறது, ஆனால் அதில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழுக்களைப் பார்த்ததும் மருந்தடிக்க ஓட வேண்டாம். அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு நீட்டும். மரம் பெரிதானால் பத்துப் புழுக்கள் தின்றாலும் ரசத்துக்கு இலை மிஞ்சும். செடி சிறிதாக இருந்தால் இரண்டை விட்டு மற்றவற்றை எலுமிச்சை மரத்துக்கு மாற்றிவிடலாம். கோழி தின்னும் இலை என்பதால் இந்தத் தோட்டத்தில் பூச்சிக்கொல்லிக்கு இடமேயில்லை. மாவுப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர், அதற்கும் அடங்காத கிளைக்குக் கத்தரிக்கோல். வெண்டைக்காயிலும் கத்தரியிலும் சொத்தை விழுந்ததை வெட்டிக் கூண்டுக்குள் போட்டால், புழுவோடு சேர்த்துக் கணக்கு முடிந்துவிடும்.

தோட்டம் வலைக்கு வெளியே என்றாலும், வலையடித்த இடத்தையும் நாங்கள் நடுவே தடுத்து இரண்டு பாதியாக்கியிருக்கிறோம். ஒரு பாதியில் கோழிகள் கிளறிக்கொண்டிருக்கும்போது மறுபாதியில் கீரையை வளரவிட்டு, அறுவடை முடிந்ததும் தடுப்பைத் திறந்து கோழிகளை அங்கே மாற்றுகிறோம். மிச்சத் தண்டையும் களை விதையையும் நத்தைக் குஞ்சையும் அவை துப்புரவாக்கிவிடும். கோழி விட்டுப்போன பாதியில் உடனே கீரை விதைக்காமல், பந்தலில் ஏறும் பாகலையோ அவரையையோ முதலில் போட்டு, சில மாதங்கள் கழித்துக் கீரைக்கு வருவது பாதுகாப்பு.

முட்டை விலையைக் கணக்குப் பார்த்து இதில் இறங்குபவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். தீவனம், மரச்சீவல், கம்பிவலை எல்லாம் சேர்த்தால் கடை முட்டை எப்போதும் மலிவு. நிறைய முட்டையிடக் கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். நிலநடுக்கோட்டருகே பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமே. ஆகவே இங்கே குளிர்நாட்டைப்போல் மாதக்கணக்கில் முட்டை நின்றுபோவதுமில்லை, நாள்தோறும் தட்டு நிறைவதுமில்லை. விளக்குப் போட்டு நீட்டிக்கலாம்; பின்வரிசைச் சமையலறைச் சன்னலில் அந்த வெளிச்சம் விழும் என்பதால் நான் போடவில்லை. ஓடு மெலிந்தால் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைக்க வேண்டும். உப்புக் குழம்பு பிசைந்த சோறு, பச்சை பிடித்த உருளைக்கிழங்குத் தோல், வேகாத மொச்சை ஆகியவை கோழிக்கு ஆகாது.

அடைக்கோழி ஒரு தனித் தொல்லை. சேவல் இல்லாவிட்டாலும் கோழிக்கு அடைகாக்கும் எண்ணம் வரும். முட்டைப் பெட்டியை விட்டு நகராது, கையைக் கொண்டுபோனால் சிலிர்த்துக் கொத்தும், மற்றவை முட்டையிட இடம் கிடைக்காமல் கத்தும். ஊரில் அடை தெளிவதற்கு மூக்கில் இறகைச் செருகுவார்கள். அது வேண்டாம். அடிப்பக்கம் கம்பிவலையுள்ள கூண்டைச் சற்றுத் தூக்கி வைத்து, தீவனமும் தண்ணீரும் கொடுத்து, சில நாள் அதில் விட்டால் வயிற்றின் அடியில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்து தானாகத் தெளிந்துவிடும்.

இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகு முட்டை குறையும். கோழியோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உயிர்வாழும். அதை என்ன செய்வது என்பதைக் கோழி வாங்கும் முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும், ஏனென்றால் பெயர் வைத்த பிறகு பிள்ளைகளிடம் பேச முடியாது. எங்கள் வீட்டில் அவை கடைசிவரை இருக்கும் என்பது முடிவு. நான்குக்கு மேல் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போவதும் முன்கூட்டி யோசிக்க வேண்டியது. பள்ளி விடுமுறையில் தமிழ்நாட்டுக்குக் கிளம்பும் டிசம்பர்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம். பக்கத்து வீட்டார் மனமுவந்து தீவனம் வைப்பார்கள், முட்டையையும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கூளத்தைப் புரட்டச் சொல்வது உறவுக்கு நல்லதல்ல. அதனால் கிளம்புவதற்கு முன் பழைய கூளத்தை முழுதும் அள்ளிக் குவியலில் சேர்த்துவிட்டு, புதிய மரச்சீவலை வழக்கத்தைவிடத் தடிமனாகப் பரப்பி, இரண்டு மூட்டைச் சருகைக் கூண்டின் அருகே உலர்வாக வைத்துவிட்டுப் போகிறோம். சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போகும் தாளில், எவ்வளவு தீவனம், எத்தனை குவளைத் தண்ணீர் என்பதற்கெல்லாம் மேலே முதல் வரியாக எழுதுவது, மழை விட்டதும் மூங்கில் தட்டியை ஏற்றிவிடவும், ஏறுதண்டின் அடியில் ஒரு கூடைச் சருகைக் கொட்டிவிடவும் என்பதுதான்.